பண்பு உறவுகள்: நேரடி இணைப்பா, சங்கிலியா?

தரவைப் பல கோணங்களில் கூட்டிப் பார்க்க உதவும் மைக்ரோசாஃப்ட் அனலிசிஸ் சர்வீசஸில், ஒற்றை அட்டவணையிலிருந்து நாள் பரிமாணத்தை (அப்படிப் பார்க்கும் ஒரு கோணத்தை) உருவாக்கி அப்படியே விட்டுவிட்டால், மாதம், காலாண்டு, ஆண்டு என்ற பண்புகள் மூன்றும் தனித்தனியே நாள் என்ற திறவுகோலோடு (தனித்து அடையாளம் காட்டும் மதிப்போடு) மட்டும் இணைந்திருக்கும். மாதம் காலாண்டுக்குள் அடங்கும் என்பது நமக்குத் தெரியும். பரிமாணங்களையும் தரவையும் சேர்த்து வைத்திருக்கும் கியூபுக்கு யாரும் சொல்லவில்லை.

மற்றொரு வழி, நாள், மாதம், காலாண்டு, ஆண்டு என்று சங்கிலியாகக் கோப்பது. பத்து ஆண்டுத் தரவில் சுமார் 3,650 நாட்கள், 120 மாதங்கள். மாதவாரியாக முன்கூட்டியே கூட்டிவைத்த தொகைகள் இருந்தால், சங்கிலியில் 12 எண்களைக் கூட்டி ஓர் ஆண்டின் மொத்தத்தைச் சொல்லிவிடலாம். நேரடி இணைப்பில் அவை ஆண்டுக் கேள்விக்கு உதவா. ஆண்டுக்கெனத் தனித்தொகை இல்லையென்றால் நாள் அளவுக்கே இறங்க வேண்டும்.

ஆகவே சங்கிலிக்கே என் ஓட்டு, ஒரு நிபந்தனையோடு: ஒரு மாதத்துக்கு மேலே ஒரே ஒரு காலாண்டுதான் இருக்க வேண்டும். மாதத்தின் திறவுகோலாக 1 முதல் 12 வரையிலான எண்ணை மட்டும் வைத்தால், ஒரே ஜனவரி பத்து ஆண்டுகளின் முதல் காலாண்டுகளுக்கும் சொந்தமாகிவிடும். பிராசஸ் செய்யும்போது, அதாவது மூலத் தரவை உள்ளே ஏற்றும்போது, இரட்டைத் திறவுகோல் பிழை எழும். தயவுசெய்து அதைப் புறக்கணிக்கும்படி அமைக்காதீர்கள். அமைத்தால் பிராசஸ் வெற்றியாக முடியும்; ஆனால் பத்து ஆண்டு ஜனவரி விற்பனையும் ஏதோ ஓர் ஆண்டின் கீழ் போய்க் குவியும். ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 202401 என்று திறவுகோல் அமைத்தால் சிக்கல் தீர்ந்தது.

சங்கிலி என்று முடிவானபின் உறவின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாமாக மாற்றாதவரை அது ஃபிளெக்சிபிள், அதாவது மாறக்கூடியது. உறுப்பு ஒன்று (ஒரு வாடிக்கையாளர், ஒரு மாதம் போல) இடம் மாறினால், பரிமாணத்தைப் புதுப்பிக்கும் பிராசஸ் அப்டேட் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த உறவைச் சார்ந்த தொகைகள் கலைந்துவிடும், மீண்டும் கட்டும்வரை கேள்விகள் மெதுவாக ஓடும். ரிஜிட், அதாவது மாறாதது என்ற வகையில் தொகைகள் கலையா. ஆனால் மாற்றம் ஒன்று வந்துவிட்டால் பிராசஸ் அப்டேட் பிழையோடு நின்றுவிடும். பரிமாணத்தையும் அதைச் சார்ந்த கியூப்களையும் முழுமையாகப் பிராசஸ் செய்தாக வேண்டும்.

நாள்காட்டி மாறுவதில்லை, அதற்கு ரிஜிட். வாடிக்கையாளர் ஊர் மாறுவார், அங்கே ஃபிளெக்சிபிள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வரிசை சேர்க்கும் இரண்டாம் வகை வரலாற்று முறையில் மட்டும் கணக்கு வேறு: பழைய வரிசையின் ஊர் மாறுவதே இல்லை, ஆகவே வரிசையின் திறவுகோலுக்கும் ஊருக்கும் இடையே ரிஜிட் பொருந்தும். தவறாகப் பதிவான ஊரைப் பழைய வரிசையிலேயே திருத்தும் வழக்கம் இருந்தால், அங்கும் ஃபிளெக்சிபிளே வைப்பேன்.