டிபக் இழுத்ததற்கு 11,400 ரூபாய் அழுத கதை

திருப்பூர், கோவைப் பக்கம் சின்ன ஆபீஸில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவர்களுக்காக இந்தப் பதிவு. லேப்டாப் இழுக்கிறது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நான் ஓடினேன்.

பனியன் கம்பெனிகளுக்கு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. நூல் இறங்கியதிலிருந்து நிட்டிங், டையிங், காம்பேக்டிங் என்று எங்கெங்கே போகிறது, எத்தனை கிலோ போய் எத்தனை கிலோ திரும்புகிறது என்ற டிசி (டெலிவரி சலான்) கணக்குதான் பெரும்பாலும். புரோகிராம் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில் டிபக் செய்ய, அதாவது பிழை தேடும் டிபக்கரோடு ஓட்டிப் பார்க்க, எஃப்5 அழுத்தினால் முதல் பக்கம் வர நான்கு நிமிடம். டிசி பட்டியலைத் தொட்டால் அது தனியாக ஒன்றரை நிமிடம். கீழே பேக்கரிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் கொஞ்சம் பரவாயில்லை, பதினொரு மணிக்கு ஆபீஸில் எல்லாரும் நெட்டில் ஏறியதும் மோசம். இந்த ஒரு துப்பே போதும், எனக்குத்தான் உறைக்கவில்லை.

காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். எதைச் செய்தால் இழுக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தார், மெமரி 82 சதவீதம், உதட்டைப் பிதுக்கினார். "எட்டு ஜிபியில இதெல்லாம் ஓடுமாங்ணா? காலைல நல்லா இருந்து மத்தியானம் இழுக்குதுன்னா ஹீட்டுங்ணா." சரி என்று விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போன்: "எஸ்எஸ்டி லைஃப் முடிஞ்சிருச்சுங்ணா, எப்ப வேணா போயிரும். புதுசு போட்டு அப்படியே க்ளோன் எடுத்துரலாமுங்களா?" பயத்தில் தலையாட்டினேன். 16 ஜிபி ரேம் 3,800, 512 ஜிபி எஸ்எஸ்டி 4,200, கேட்காமலே ஏற்றிய ஆன்டிவைரஸ் 900, 'சாஃப்ட்வேர் ட்யூனிங்' 2,500. கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டுதான் பில். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, எஸ்எஸ்டிக்கு டப்பா இல்லை. வாரண்டி? "நாங்க பார்த்துக்கறோமுங்ணா."

ஆபீஸுக்கு வந்து எஃப்5 அழுத்தினேன். ஐந்து நிமிடம்.

ஆமாம், கூடிவிட்டது. கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் ஒவ்வொரு பில்டிலும் புதிதாக எழுதப்படும் டிஎல்எல் ஃபைல்களை அந்த ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஈரோட்டில் இருக்கும் என் பழைய ஜூனியர் தம்பி ஒருவனிடம் போனில் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, எஃப்5 வேண்டாம், கண்ட்ரோல் எஃப்5 அழுத்திப் பாருங்க" என்றான். அது டிபக்கர் இல்லாமல் ஓட்டுவது. ஒன்பது வினாடியில் பக்கம் வந்தது. அதே லேப்டாப், அதே அப்ளிகேஷன், அதே டேட்டாபேஸ். டிபக்கர் இல்லாமல் பறந்து, டிபக்கரோடு மட்டும் தவழ்கிறது என்றால் குற்றவாளி பெட்டி இல்லை. இந்த ஒரு சோதனையைக் கடைக்காரர் செய்திருக்கலாம். அவரைச் சொல்வானேன், நானே செய்திருக்கலாம்.

பிறகு எஃப்5 அழுத்திக் கீழே ஸ்டேட்டஸ் பாரைக் கவனித்தால், சிம்பல் ஏற்றுகிறேன், சிம்பல் ஏற்றுகிறேன் என்று டிஎல்எல் பெயர்களாக ஓடுகிறது. சிம்பல் என்பது டிஎல்எல்லில் ஓடுவது கோடின் எந்த இடம் என்று டிபக்கருக்குக் காட்டும் ஃபைல். மூன்று மாதம் முன்பு ஒரு ரிப்போர்ட் கோளாறைத் தோண்டும்போது டூல்ஸில் ஆப்ஷன்ஸ், அதில் டிபக்கிங், அதில் சிம்பல்ஸ் என்று போய் மைக்ரோசாஃப்ட் சிம்பல் சர்வரை டிக் செய்தவன் நானேதான், எடுக்க மறந்தவனும் நானேதான். கிடைத்த சிம்பலை அது லேப்டாப்பிலேயே கேஷ் ஃபோல்டரில் சேமித்து வைத்துக்கொள்ளும். அந்த சர்வரில் சிம்பலே இல்லாத ரிப்போர்ட் டிஎல்எல்களுக்கோ ஒவ்வொரு தடவையும் நெட்டில் போய்க் கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பும். பதினொரு மணி மர்மம் இதுதான், ஹீட் இல்லை. டிக்கை எடுத்தேன், ஐந்து நிமிடம் என்பது வெறும் நாற்பது வினாடியாகக் குறைந்தது.

டிசி பட்டியல் மட்டும் இன்னும் நகரவில்லை. 1,800 வரிகளைச் சுற்றும் லூப்புக்குள் ஒரு கண்டிஷனல் பிரேக்பாயின்ட், அதாவது நிபந்தனை பொருந்தினால் மட்டும் இங்கே நில் என்று டிபக்கருக்கு வைக்கும் குறி, மறந்து கிடந்தது. நிபந்தனை பொருந்தாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் டிபக்கர் புரோகிராமை நிறுத்தி, நிபந்தனையைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் மேலே விடும், 1,800 தடவை. கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 அழுத்தி எல்லாப் பிரேக்பாயின்டையும் துடைத்தேன், பக்கம் உடனே வந்தது. இப்போது அப்படித் தேவைப்பட்டால் நிபந்தனையைக் கோடிலேயே இஃப் போட்டு எழுதி, உள்ளே, அங்கே நிற்கச் சொல்லும் டிபக்கர்.பிரேக் என்ற வரியை வைத்துவிடுகிறேன். ஆன்டிவைரஸை அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஆக, கடைக்காரர் க்ளோன் எடுத்தபோது என் கோளாறையும் பத்திரமாக க்ளோன் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இதுவரைக்கும் என் மடத்தனமும் பாதி, ஒப்புக்கொள்கிறேன். ரேம் கூட உதவியாகத்தான் இருக்கிறது. சந்தேகத்தில், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டு 'புது' எஸ்எஸ்டியைப் பார்த்தேன். அது ஓடிய நேரம் 9,312 மணி. ஒரு வருடத்துக்கே 8,760 மணிதான். போனில் கேட்டால், "டெஸ்டிங்ல ஓடியிருக்குமுங்ணா." ஒரு வருடத்துக்கு மேல் இரவு பகலாக டெஸ்டிங்!

அதைவிட வயிற்றைக் கலக்கியது வேறு. கழற்றிய பழைய எஸ்எஸ்டி அவர்களிடமே இருந்தது. என் சோர்ஸ் கோடும் இரண்டு கம்பெனிகளின் பார்ட்டி கணக்கும் அதில். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். எல்லாப் பாஸ்வேர்டையும் அன்றிரவே மாற்றினேன், இரண்டு முதலாளிகளுக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன், அது தனி அவமானம். டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி விண்டோஸின் பிட்லாக்கர் போட்டுப் பூட்டி வைத்திருந்தால் அவ்வளவு பயம் இல்லை. கழற்றும் பாகத்தை அங்கேயே நின்று கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை கடைக்குப் போனேன். ஸ்கிராப்பில் போனது உள்ளறையிலிருந்து நியூஸ்பேப்பரில் சுற்றி வந்தது, கூடவே 4,200 ரூபாயும். ட்யூனிங் காசுக்கு இன்னும் இழுத்தடிக்கிறார்கள். வீட்டில் யுஎஸ்பி கேஸில் போட்டுப் பார்த்தேன். லைஃப் முடிந்த அந்த எஸ்எஸ்டியின் ஹெல்த் 94 சதவீதம்.