தோட்ட முகாமுக்கு ஹெப்படைட்டிஸ் பி கசெட் வாங்கலாமா?

விரல் நுனி இரத்தத்திலேயே பார்க்கக்கூடிய எச்பிஎஸ்ஏஜி (ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம்) கசெட், தோட்டத் தொழிலாளர் லயத்து முகாம்களுக்கு நல்ல தெரிவு. கரண்டும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஆனால் நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் உறை சில்லென்று இருக்கும்போதே கிழித்தால் பட்டையில் ஈரம் படியும். இரத்தம் பாதியில் நின்று, பின்னணி முழுக்க இளஞ்சிவப்புத் திட்டாகிவிடும். அரைமணி நேரமாவது அறைக்குள் வைத்துவிட்டுப் பிரியுங்கள். பெரும்பாலான கசெட்டுகளை 15 நிமிடத்தில் வாசிக்கவேண்டும். பிந்தினால் இல்லாத கோடும் தெரியும். பரிசோதனை சரியாக நடந்ததைக் காட்டும் சி கோடு வராவிட்டால் அந்தக் கசெட் செல்லாது. தொற்றைக் காட்டும் டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ் என்றே எடுத்து, ஆய்வுகூடத்தில் எலைசா என்ற இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட மூன்று வாரத்துக்குள் பார்க்கவேண்டாம், பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும்.

எங்களுக்கு உண்மையில் கவலை தரும் குறை வேறு. அந்த மேற்பரப்புப் புரதத்தை உருவாக்கும் வைரஸின் எஸ் மரபணுவில் ஜி145ஆர் போன்ற மாற்றம் இருந்தால் சில கசெட்டுகள் அதைப் பிடிப்பதில்லை. வெளித்தொடர்பு குறைந்த சிறு சமூகத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒரே வகை வைரஸ் பரவியிருந்தால், ஒரு வீட்டில் தவறியது அடுத்த வீட்டிலும் தவறும். அதனால் பரவல் வீதம் கணக்கிட இதை மட்டும் நம்பாதீர்கள். வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஆன்டி-எச்பிசி பரிசோதனையும் சேர்க்கவேண்டும். ஏ முதல் ஜே வரையான மரபணு வகையையும் கசெட் சொல்லாது. அதற்கு நரம்பில் இரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, உறையவைத்து பிசிஆருக்கு அனுப்பவேண்டும்.

கசெட் குறைவாக இருந்தால், இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி சேர்ந்த 2003க்கு முன் பிறந்தவர்களையும் கர்ப்பிணிகளையும் முதலில் பாருங்கள்.