கான்ட்ராக்ட் கன்சல்டன்சி ரிவ்யூ: வேலை வாங்கித் தர்றதுல நேர்மை, சம்பளம் போடுறதுல இல்ல

ஓஎம்ஆர்ல ஒரு பெரிய கிளையன்ட்டுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, கான்ட்ராக்ட்தான், பேரோல் இந்த கன்சல்டன்சியோடது, அதாவது வேலை கிளையன்ட்கிட்ட, சம்பளம் போடுறது இவங்க. இப்போ எல்லாம் முடிஞ்சு செட்டில்மென்ட்டும் அக்கவுன்ட்டுக்கு வந்துடுச்சு, அதான் நிதானமா எழுதுறேன். அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். பேர் போடல, ஏன்னா இதே மாதிரி நடத்துறவங்க சென்னைல நிறைய பேர் இருக்காங்க.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். ரெக்ரூட்டரா பேசின பொண்ணு அவ்ளோ நேர்மை. ரெஸ்யூமேல இல்லாத எக்ஸ்பீரியன்ஸ சேர்க்கச் சொல்லல, எந்த கிளையன்ட்னு முன்னாடியே சொல்லி என்கிட்ட மெயில்ல ஓகே வாங்கிட்டுதான் ப்ரொஃபைல அனுப்பினாங்க, ஒரு பைசா கேக்கல. ரெண்டு ஸ்டாரும் அவங்களுக்குத்தான்.

சம்பளம் ஆரம்பத்துல ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் தேதி தள்ள ஆரம்பிச்சது. அக்கவுன்ட் மேனேஜருக்கு போன் போட்டா "கிளையன்ட் இன்வாய்ஸ் இன்னும் க்ளியர் ஆகல ப்ரோ, வந்ததும் போட்டுடுவோம்"னு ஒரே பதில். ஆனா என் டைம்ஷீட்ல, அதான் வேலை பார்த்த நேரக் கணக்குல, கிளையன்ட் மேனேஜர் அப்ரூவல் மாசக் கடைசியிலயே விழுந்துடும், அதாவது வேலை பார்த்தாச்சுங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. எனக்கு வயிறு எரிஞ்சது இங்கதான். கிளையன்ட் குடுக்குறதுல எனக்கு தந்தது போக அவங்க எடுக்குற மார்ஜின நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன், ஆள் தேடுறாங்க, பேப்பர் வேலை பாக்குறாங்க, எல்லாத்துக்கும் மேல கிளையன்ட் 45 நாள் 60 நாள் கழிச்சு காசு குடுப்பான், அதுவரைக்கும் கைக்காசு போட்டு சம்பளம் குடுக்கணும்ல, அதுக்குத்தான் அந்த மார்ஜினே. அந்த பாரத்த என் தலையில இறக்கி வெச்சுட்டு மார்ஜின மட்டும் பாக்கெட்ல போட்டுக்கிட்டா அது நியாயமா? என் வீட்டு ஓனர்கிட்ட போய் கிளையன்ட் இன்னும் க்ளியர் பண்ணலன்னு நான் சொல்ல முடியுமா?

சட்டமும் இதையேதான் சொல்லுது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்துடுச்சு, மாசச் சம்பளம்னா அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள, வேலைய விட்டா பாக்கி ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுத்தாகணும். பழைய சட்டத்துல 24,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, இப்போ அந்த வரம்பு இல்ல. ஆனா ஒண்ணு, உங்கள எம்ப்ளாயியா எடுக்குறாங்களா இல்ல கன்சல்டன்ட்னு கையெழுத்து வாங்கி 10 சதவீதம் டிடிஎஸ்னு வரி பிடிக்கிறாங்களான்னு பார்த்துக்கோங்க, ரெண்டாவதுன்னா பிஎஃபும் கிடையாது, இந்த சட்டத்த காட்டி பேசுறதும் கஷ்டம்.

பிஎஃப்ல இன்னொரு கூத்து. பேஸ்லிப்ல 12 சதவீதம் பிடிச்சிருக்கு, பாஸ்புக்க திறந்தா ரெண்டு மாசம் காலி. அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்ட வேண்டிய காசு அது, பிடிச்சுட்டு கட்டாம வெச்சிருந்தா கிரிமினல் கேஸே போடலாம். பேஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரே மெயில்ல வெச்சு, பிஎஃப் ஆபிஸோட கம்ப்ளெயின்ட் போர்ட்டல்ல போடப்போறேன்னு எழுதினேன், அந்த வாரமே ரெண்டு மாசமும் ஏறிடுச்சு. அப்போ காசு இருந்திருக்கு, குடுக்கத்தான் மனசு இல்ல.

கூட வேலை பார்த்த பசங்க லாப்டாப்ப திருப்பிக் குடுக்காத, அப்பதான் வழிக்கு வருவாங்கன்னு சொன்னாங்க. நான் அதுக்கு ஒத்துக்கல. லாப்டாப் கிளையன்ட்டோடது, டீம்ல இருக்கவங்களுக்கு இந்த சண்டையில என்ன சம்பந்தம்? டெஸ்ட் கேஸ் எல்லாத்தையும் ஒழுங்கா ஹேண்ட்ஓவர் பண்ணிட்டுதான் வந்தேன். ஆனா கிளையன்ட்கிட்ட சொல்றது தப்புன்னு நான் நினைக்கல. இந்த தேதிக்குள்ள வரலன்னா இந்த மாதிரி கன்சல்டன்சிகள பாத்துக்குற கிளையன்ட்டோட வெண்டர் டீமுக்கு எழுதுவேன்னு கன்சல்டன்சிக்கு முதல்ல சொன்னேன், தேதி தாண்டினதும் எழுதினேன். "இது ப்ரொஃபஷனல் இல்ல"ன்னு கோச்சுக்கிட்டாங்க. சம்பளத்த நிறுத்துறது மட்டும் ப்ரொஃபஷனலா? ஆள எடுத்தவன் குடுக்கலன்னா வேலை நடக்குற நிறுவனத்துக்கும் பொறுப்பு இருக்குன்னு அதே ஊதியச் சட்டத் தொகுப்புல இருக்கு, அதனால அவங்களுக்கு தெரிஞ்சே ஆகணும். எழுதினதுக்கப்புறம்தான் பாக்கி முழுசா வந்துச்சு.

அக்ரிமென்ட்ல கான்ட்ராக்ட் முடிஞ்சு ஒரு வருஷம் கிளையன்ட்கிட்ட நேரா சேரக்கூடாதுன்னும் ஒரு க்ளாஸ் இருக்கு. 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி வேலை முடிஞ்சதுக்கப்புறம் இப்படி தடுக்குறது பொதுவா செல்லாது. கான்ட்ராக்ட் ஓடுறப்பவே அவங்களுக்கு தெரியாம கிளையன்ட்கிட்ட பேரம் பேசுறது வேற, அத நான் பண்ண மாட்டேன், யாரும் பண்ணவும் கூடாது.

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தனுக்கு இங்கிருந்தே ஆஃபர் வந்துச்சு, லெட்டர்ல "கிளையன்ட் பேமென்ட் வந்த பின்"னு சம்பளத்துக்கு ஒரு வரி. அத எடுத்துட்டு 7ஆம் தேதின்னு எழுதிக் குடுங்க, அப்பதான் சைன் பண்ணுவேன்னு சொல்லுடான்னேன். மறுபேச்சு பேசாம மாத்திக் குடுத்துட்டாங்க.