பல்செட்டின் அடியில் பூஞ்சை: சொட்டு மருந்தா, ஜெல்லா, மாத்திரையா?

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எங்களுடன் இருக்கும் என் மாமியார் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றியபோது, செட்டு எதுவரை மூடியிருந்ததோ அதுவரை அண்ணம் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. வலி துளியும் இல்லை என்றார். கேண்டிடா பூஞ்சையால் வரும் இந்தத் தொற்று பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் யாரும் கழற்றிப் பார்க்காமல் மாதக்கணக்கில் நீடிக்கிறது. நீரிழிவு, வாய் உலர்வு, ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆகியவை இதற்கு இடங்கொடுக்கின்றன.

1950இல் இரு அமெரிக்கப் பெண் அறிவியலாளர்கள் கண்டறிந்த நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்து, குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை என்பதால், பல மாத்திரைகள் உட்கொள்ளும் முதியவர்களுக்கு மிகவும் பாதுகாப்பானது. ஆனால் நாளுக்கு 4 முறை, பல்செட்டைக் கழற்றிவிட்டு, மருந்தை வாய்க்குள் சுழற்றிச் சில நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை எதிர்பார்ப்பது கடினம். குளோரெக்சிடின் வாய்க்கழுவியையும் இதையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், ஒன்றன் வீரியத்தை மற்றொன்று கெடுத்துவிடும்.

இன்னொரு பூஞ்சை எதிர்ப்பு மருந்தான மைக்கோனசோல் ஜெல் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். செட்டின் உட்புறத்திலும் தடவலாம். உதட்டோர வெடிப்புக்கும் உதவும். இத்தனை வசதி இருந்தும், என் மாமியாரைப் போல, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு அதை நான் ஏற்கமாட்டேன். வாயில் தடவும் மருந்துதானே என்று நினைக்கக் கூடாது. அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, ஆபத்தான இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். நாளுக்கு ஒருமுறை விழுங்கினால் போதும் என்ற ஃபுளூக்கோனசோல் மாத்திரையும் அப்படித்தான். அது கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடும் மோதும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்கவும் வேண்டும். வாயில் போடும் மருந்துக்குத் தொற்று அடங்காதபோதும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் அதை மருத்துவர் தருவது நியாயமே.

எதைத் தேர்ந்தாலும், பல்செட்டு செய்யப்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துளைகளில் பூஞ்சை தங்கியிருக்கும்வரை தொற்று திரும்பத் திரும்ப வரும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறிவிடும் என்பதால், மென்மையான பிரஷும் சாதாரண சோப்பும் போதும். செட்டைச் சுத்தம் செய்யும் நுரைக்கும் மாத்திரை எல்லாச் செட்டுகளுக்கும் ஏற்றதா என்பதை உறையில் பார்த்துக்கொள்ளலாம். நீர்த்த குளோரின் கரைசல் பூஞ்சையை நன்றாகக் கொல்லும் என்றாலும், உலோகச் சட்டம் உள்ள செட்டை அரித்துவிடும். செட்டு தளர்ந்து உராய்ந்தால் புதிதாகச் செய்துகொள்வதே மேல். மூத்தோருக்கு அரசு தரும் முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டைகள் வைத்திருப்போருக்குச் சாஸ் (CHAS, சமூகச் சுகாதார உதவித் திட்டம்) பல் மருந்தகங்களில் அதற்கு மானியம் உண்டு.

எங்கள் வீட்டில் மருந்தைவிட இரவில் செட்டைக் கழற்ற வைப்பதே பெரும்பாடாக இருந்தது. "பேரப்பிள்ளைங்க முன்னாடி பல்லில்லாம எப்படிம்மா இருக்கிறது?" என்று அத்தை கேட்டது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பிள்ளைகள் உறங்கிய பிறகு கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து, அவர்கள் எழுவதற்குள் மாட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடிவு செய்தோம். மருத்துவர் எழுதித் தந்த நிஸ்டாட்டினோடு இதுவும் சேர்ந்த பிறகுதான் அந்தச் சிவப்பு மங்கத் தொடங்கியது.