படகில் வெந்நீர்த் தொட்டி ஒழுகினால்: சில ஆண்டுகளின் அனுபவம்

வெந்நீர்த் தொட்டியின் அடியில் ஈரம் தெரிந்ததும் புதுத் தொட்டிக்கு விலை விசாரிக்கக் கிளம்பும் படகுக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொட்டியின் மேல் பழி போடுவதற்கு முன்னால், கசிவது எந்தத் தண்ணீர், எப்போது கசிகிறது என்று பாருங்கள். நீர் காயும்போது மட்டும் சொட்டினால் ஒரு காரணம். என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலன்ட் சொட்டினால் வேறொரு காரணம். இரவு பகல் பாராமல் நல்ல தண்ணீர் சொட்டினால்தான் தொட்டியைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் படகில் மூன்றும் நடந்திருக்கின்றன. பழைய செப்புத் தொட்டியைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வைத்தும் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. இரண்டோடும் குடித்தனம் நடத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கால்வாய்களுக்கென்றே ஏழடிக்கும் குறைவான அகலத்தில் கட்டப்படும் நேரோபோட் எங்களுடையது. நீளம் 57 அடி. நானும் மனைவியும் அதிலேயே குடியிருக்கிறோம். லண்டனின் பிரென்ட்ஃபோர்டில் தொடங்கி பர்மிங்ஹாம் வரை போகிற கிராண்ட் யூனியன் கால்வாயில், ரிக்மன்ஸ்வர்த், பெர்காம்ஸ்டெட், டிரிங் பக்கம் எங்களை அதிகம் பார்க்கலாம். வெந்நீருக்கு 55 லிட்டர் தொட்டி; இங்கே அதைக் கலோரிஃபையர் என்பார்கள். டீசல் என்ஜினில் சூடேறி வரும் கூலன்ட், தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாகச் சுற்றிப் போகும். அந்தச் சூட்டில் நாம் குளிக்கிற நீர் காயும். கரையிலிருந்து மின்சாரம் கிடைக்கும் இடத்தில் படகைக் கட்டினால் 1 கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டரும் இருக்கிறது. ஆனால் 10 டிகிரியில் இருக்கும் 55 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். என்ஜினுக்கு ஒரு மணி நேரம் போதும். பக்கத்தில் பிற படகுகள் இருந்தால் இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை என்ஜினை ஓடவிடக்கூடாது என்பது கால்வாய் நிர்வாகத்தின் விதி. ஆகவே சாயங்காலம் காய்ந்த நீர் மறுநாள் காலைக் குளியல் வரை சூடு தாங்க வேண்டும்.

கசிவை முதலில் காதால்தான் கண்டுபிடிக்கலாம். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது, நள்ளிரவில் தண்ணீர் பம்ப் தானாக ஓரிரு நொடி உறுமிவிட்டு நின்றால் எங்கோ நீர் வெளியேறுகிறது என்று பொருள். குழாயில் அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்ப் எழுந்து அதைச் சரிக்கட்டும். பம்பின் உள் வால்வு தேய்ந்தாலும் இதே கதைதான் என்பதால் உடனே தரைப்பலகையைப் பெயர்க்க வேண்டாம். தொட்டிக்குப் போகும் குளிர்ந்த நீரின் வால்வை மூடிவிட்டுப் படுங்கள். உறுமல் நின்றுவிட்டால் கசிவு வெந்நீர்ப் பக்கம். அதன் பிறகு எல்லா இணைப்புகளையும் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் சமையலறைக் காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். விரலுக்குத் தட்டாத ஈரம்கூடக் காகிதத்தில் தெரிந்துவிடும். காலையில் எது நனைந்திருக்கிறதோ அதுதான் ஆள்.

எங்கள் படகில் முதலில் நனைந்தது சேஃப்டி வால்வின் அடிக் காகிதம். பெரும்பாலான படகுகளில் இதுவேதான் நடக்கிறது. தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 3 சதவீதம். 55 லிட்டர் தொட்டியில் அது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் என்றால், நடுவில் ஒருவழி வால்வு இல்லாத வரை, விரிகிற நீர் வந்த வழியே மேலேறிக்கொள்ளும். படகில் அப்படிப் போக வழியில்லை. பம்ப் அழுத்தி வைத்திருக்கிறது, தொட்டிக்கு முன்னால் ஒருவழி வால்வு நிற்கிறது. அழுத்தம் ஏறி 3 ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவைத் தொட்டதும் சேஃப்டி வால்வு திறந்து, அதிகப்படி நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. வால்வு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

சொட்டுகிறதே என்று அந்த வால்வின் வாயில் அடைப்பு வைத்துத் திருகிய படகு ஒன்றையும் பார்த்தேன். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். இம்மர்ஷன் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒருநாள் பழுதானால், அழுத்தத்துக்கு வெளியேற வேறு வழியில்லாமல் தொட்டியே வெடிக்கும். ஏழடி அகலப் படகில் அதற்கு எட்டியிருக்கும் இடம் என்று எதுவும் கிடையாது.

சரியான வைத்தியம் விரிவாக்கக் கலன். உள்ளே ரப்பர்த் திரை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் நீர். ஒருவழி வால்வுக்குப் பிறகு, தொட்டியின் பக்கம் இதைப் பொருத்த வேண்டும். கடைகளில் படகுக்கென்று 2 லிட்டர் கலனைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது போதவே போதாது. எங்கள் பம்ப் 2 பாரில் நிற்கும்; கலனின் காற்றையும் அதை ஒட்டியே நிரப்புகிறோம். வால்வு திறக்கும் 3 பாருக்குக் கொஞ்சம் முன்பாக, 2.7 பாருக்குள் அழுத்தத்தை நிறுத்த வேண்டுமென்றால், கலன் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நீரைத்தான் வாங்கிக்கொள்ளும். 2 லிட்டர் கலனில் அது அரை லிட்டருக்கும் குறைவு. 8 லிட்டர் கலன் என்றால் ஒன்றரை லிட்டர் அடங்கும். நாங்கள் 8 லிட்டரே வைத்தோம். வைத்த நாளிலிருந்து சேஃப்டி வால்வின் வாய் காய்ந்தே கிடக்கிறது. இந்தப் படகில் நான் செய்த செலவுகளிலேயே இவ்வளவு பலன் தந்தது வேறில்லை.

கலனுக்கும் பராமரிப்பு உண்டு. பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து, நீரின் அழுத்தம் முழுதும் இறங்கிய பிறகு, கார் டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியால் அளக்க வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பே போதும். காற்று வால்வின் நடு ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. கலனை மாற்ற வேண்டியதுதான்.

இந்தப் பகுதியில் இன்னொரு தொல்லை, உப்புத் தண்ணீர். சில்டர்ன் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை; அங்கிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கெட்டிலின் அடியில் வெள்ளைத் தகடாகப் படிகிறது. வால்வின் இருக்கையில் ஒரு துணுக்குச் சுண்ணாம்பு உட்கார்ந்துவிட்டால், அழுத்தம் சரியாக இருந்தாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். வால்வின் தலையைத் திருகித் தண்ணீரைச் சீறவிட்டு மூடினால் துணுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு முறையில் நிற்கவில்லை என்றால் மீண்டும் மீண்டும் திருகிப் பாருங்கள். அதற்கும் மசியாத வால்வை மாற்றிவிடுங்கள். அதன் விலை பெரிதில்லை.

கூலன்ட் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. நிறம் காட்டிக்கொடுக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். எங்களுக்கு ரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது; என்ஜின் ஆறிய பிறகு இறுக்கினோம், முடிந்தது. தொட்டிக்குள்ளிருக்கும் சுருளே ஓட்டையானால்தான் விவகாரம். வீட்டு நீரின் அழுத்தம் வழக்கமாக என்ஜினின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், நல்ல தண்ணீர் கூலன்டுக்குள் புகுந்து என்ஜினின் கூலன்ட் தொட்டி நிரம்பி வழியும். பம்பை அணைத்துவிட்டால் அழுத்தம் தலைகீழாகி, கூலன்ட் குளிக்கிற நீரில் கலக்கவும் கூடும். எத்திலீன் கிளைகால் கலந்த கூலன்ட் விஷம். கூலன்ட் மட்டம் காரணமில்லாமல் ஏறினாலும் இறங்கினாலும், காரணம் தெரியும் வரை வெந்நீரில் பல்கூடத் துலக்காதீர்கள்.

இனி பழைய தொட்டியின் கதைக்கு வருகிறேன். கலன் வைத்து, கிளிப் இறுக்கி, எல்லாம் காய்ந்திருந்த பிறகும் பம்ப் இரவில் உறுமியது. காகிதங்கள் எதுவும் நனையவில்லை. தொட்டியைச் சுற்றியிருந்த மஞ்சள் நுரைக் காப்பு விளிம்பில் மட்டும் பச்சைக் களிம்பு ஒரு கோடாக இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், வெதுவெதுப்பான தண்ணீர் கசிந்து மணிக்கட்டு வரை ஓடியது. நுரையைக் கத்தியால் சீவி எடுத்துப் பார்த்தபோது, ஓட்டை அந்த இடத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளி, அடிப்பக்கத் தையலில், குண்டூசி முனை அளவுக்குச் செம்பு அரித்திருந்தது. நீர் நுரைக்குள்ளேயே பயணம் செய்து தனக்குத் தோதான இடத்தில் வெளியே வந்திருக்கிறது. நுரை போர்த்திய தொட்டியில் ஈரம் தெரியும் இடத்தை நம்பக்கூடாது.

பசை வைத்து அடைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நாள்தோறும் 10 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் இடையில் விரிந்து சுருங்கும் மெல்லிய செம்பில் பசை எத்தனை நாள் நிற்கும்? அரித்த செம்பு இன்னோர் இடத்திலும் அரித்திருக்கும். புதுத் தொட்டி வரும் வரை, தொட்டிக்குப் போகும் இரண்டு கூலன்ட் குழாய்களையும் ஒரு செப்புக் குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துச் சுற்றை மூடினோம். குளிர்ந்த நீரின் வால்வையும் அடைத்தோம். படகு வழக்கம்போல் ஓடியது. கெட்டிலில் காய்ச்சி வாளியில் விளாவிக் குளித்தோம். வாளிக் குளியல் எங்கள் இருவருக்கும் புதிதில்லை.

புதுத் தொட்டியும் 55 லிட்டர்தான், படுக்கை வாட்டம், 316 வகை எஃகு. வாங்கும் முன் நான் அளந்தது தொட்டி வைக்கும் இடத்தை மட்டும் அல்ல. படகின் பின்வாசலையும் படிகளையும் அளந்தேன். படகு கட்டுபவர்கள் தொட்டியை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றி அலமாரி கட்டிவிடுகிறார்கள். பிறகு மாற்றுபவர் பாடு திண்டாட்டம். எங்கள் அலமாரியின் முன்பலகையை அறுத்து, திருகாணி போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்த பிறகுதான் புதியதை உள்ளே விட்டோம்.

இத்தனை நாள் புழங்கியதில் எஃகுத் தொட்டியின் மேல் எனக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. காப்பு தடிமனாக இருப்பதால் சாயங்காலம் காய்ந்த நீரில் மறுநாள் காலை இருவரும் தாராளமாகக் குளிக்கிறோம், பனிக்காலத்திலும்தான். இணைப்புகளில் ஒருமுறைகூட ஈரம் பார்க்கவில்லை. குறை என்றால் இரண்டு. கூலன்ட் சுருளில் காற்று அடைத்துக்கொண்டால் தொட்டி சூடே ஆகாது. காற்றை வெளியேற்றும் திருகு கைக்கு எட்டாத பின்பக்கம் இருக்கிறது. அடுத்தது, கூடவே வந்த மிக்சர் வால்வு. என்ஜின் சூட்டில் தொட்டி நீர் 80 டிகிரி வரை ஏறும். குளிர்ந்த நீர் கலக்காமல் குழாயில் வந்தால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். ஆகவே மிக்சர் வால்வு இல்லாமல் படகில் வெந்நீர் கூடாது. ஆனால் இந்த உப்புத் தண்ணீரில் அது இறுகிப் போகிறது. வினிகரில் ஊறப்போட்டால் சில மாதம் சொன்னபடி கேட்கிறது.

சேஃப்டி வால்வின் வெளிக்குழாயைப் படகின் அடிப்பள்ளத்தில் விட்டிருந்த பழைய ஏற்பாட்டையும் மாற்றிவிட்டேன். எங்கள் படகின் அடித்தகடு 10 மில்லிமீட்டர் இரும்பு. வெளியே தார் பூசிக் காக்கிறோம், உள்ளே சொட்டுகிற நீரோ பாரத்துக்குப் போட்ட கற்களுக்கு அடியில் தேங்கி யாருக்கும் தெரியாமல் அரிக்கும். இப்போது குழாய் ஒரு கண்ணாடி பாட்டிலில் முடிகிறது. பாட்டிலில் நீர் சேர்ந்தால் கலனின் காற்றைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன்.

மார்கழியில் ஊருக்குப் போகும்போது தொட்டியைக் காலி செய்துவிடுகிறோம். கூலன்டில் உறைதடுப்பு மருந்து இருக்கிறது, குளிக்கிற நீரில் இல்லை. உறைந்தால் எந்த உலோகமானாலும் பிளந்துவிடும். முதலில் இம்மர்ஷன் ஹீட்டரை அணைத்து, அடுத்து பம்பை நிறுத்தி, பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, கடைசியில் தொட்டியின் அடித்திருகைத் திறக்கிறோம். தொட்டி காலியாக இருக்கும்போது யாராவது ஹீட்டரைப் போட்டால் கருகிவிடும் என்பதால், அந்த ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி, ‘தொட்டியில் நீர் இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டுத்தான் விமான நிலையத்துக்குக் கிளம்புவோம்.