உண்ணிச்செடி பிடுங்க வெல்டிங் கையுறை: நான்கு ஞாயிறு காட்டுக்குப் போன பிறகு

கோவையில் ஒரு ஹார்டுவேர் கடையில் 220 ரூபாய்க்கு வாங்கினேன். வெல்டிங் வேலைக்குப் போடும் தோல் கையுறைதான். ஆனைகட்டிப் பக்கம் காப்புக்காட்டில், காட்டை ஆக்கிரமித்துப் பரவும் முட்புதரான உண்ணிச்செடியை (லன்டானா) அகற்றப் போகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

முதல் ஞாயிறு, வீட்டுத் தோட்டத்துக்கு வைத்திருந்த நூல் கையுறையோடு போனேன். அரை மணி நேரத்தில் உள்ளங்கை எரிய ஆரம்பித்தது. உண்ணிச்செடித் தண்டில் முள் சின்னதுதான், ஆனால் பின்னோக்கி வளைந்திருக்கும். கையை இழுக்க இழுக்க மாட்டும்.

தோல் கையுறையில் அந்தத் தொல்லை இல்லை. முன்கை பாதிவரை மூடுவதால் புதருக்குள் தைரியமாகக் கை விடலாம். இந்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். செடியை மேலோடு வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் சொன்ன முறைதான் சரி: மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். வேர் மேலே நின்று வெயிலில் காய்ந்துவிடும். ஒருவர் புதரைச் சாய்த்துப் பிடித்தால்தான் இன்னொருவருக்குக் குந்தாலி போட இடம் கிடைக்கும். நான் பிடித்தேன், கூட வந்த அக்கா வெட்டினார். காலை ஏழிலிருந்து பத்துக்குள் பதினான்கு புதர். வனக்காப்பாளர் முன்னால் போய் யானை நடமாட்டம் பார்த்து வந்த பிறகுதான் கை வைக்கவே விட்டார்.

குறை இரண்டு. நனைந்தால் தோல் கனத்து, காய்ந்ததும் பலகை மாதிரி விறைத்துக்கொள்கிறது. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போதுதான் வேர் சுலபமாக வரும் என்பதால் நனையாமல் தப்ப வழியில்லை. நிழலில் காயவைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

இரண்டாவது குறைதான் எனக்கு வருத்தம். விரலில் எதுவும் தெரியாது. மூன்றாம் ஞாயிறு ஒரு புதரைக் கொத்தாகப் பிடித்து இழுக்கப் போனேன். அக்கா "இரு, இரு" என்றார். உள்ளே ஒரு உசிலை மரக்கன்று, பென்சில் தடிமன்கூட இல்லை, வெளிச்சம் தேடி ஒரு பக்கமாக வளைந்து நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு, சுற்றியிருந்த கிளைகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். முழங்கையெல்லாம் கீறல். கன்று பிழைத்தது.

இப்போது தோல் கையுறையோடு பழைய நூல் கையுறையையும் பையில் வைத்திருக்கிறேன். சின்னான் குருவிகள் பழம் தின்று எச்சமிட்ட மரத்தடிகளில் உண்ணி நாற்று விரல் நீளத்துக்கு முளைத்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடுங்க நூல் போதும்.