மாலத்தீவு டைவிங் படகு: எதை நம்பிக் காசு கட்டலாம்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போய்விடலாம். தண்ணீருக்குள் கூட்டிப்போன கைடுக்குப் பத்துக்குப் பத்து. படகுக்கு ஏழு. அந்தப் படகை எங்களுக்கு விற்ற ஏஜென்டுக்கு இரண்டு, அதுவும் ஃபோன் அடித்தால் எடுத்துப் பேசினார் என்பதற்காக. பெயர்களை எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் படகுகள் கை மாறும், கைடுகள் அடுத்த சீசனில் வேறு படகில் இருப்பார்கள், அதனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

களியக்காவிளைப் பக்கம் இருக்கும் எங்களுக்குச் சென்னைக்குப் போவதென்றால் ஒரு ராத்திரி முழுக்க ரயில். மாலேக்கோ திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போல, பாலராமபுரம் நெரிசலைத் தாண்டி ஏர்போர்ட் போய்ச் சேர்வதுதான் அதில் பெரிய வேலை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கொடுக்கிறார்கள், கிளம்புவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்பினால் சரி. கோவளத்தில் ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் படிப்பை முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று யோசிப்பவர்களுக்கு, மாண்டா திருக்கை, திமிங்கலச் சுறா மாதிரிப் பெரிய உருப்படிகளைப் பார்க்க இதைவிடப் பக்கமான நல்ல இடம் கிடையாது.

லைவ்அபோர்டு என்றால் படகிலேயே சாப்பிட்டுப் படகிலேயே தூங்கி, ஒரு நாளைக்கு மூன்று முறை குதிப்பது. தங்கும் படகு பெரியது. டேங்க், கம்ப்ரெஸ்ஸர், ஈர உடை எல்லாம் கூடவே வரும் இன்னொரு தோணியில் இருக்கும், டைவுக்கு அதில்தான் போக வேண்டும். ரிசார்ட்டில் தங்கினால் அந்த ஒரு தீவைச் சுற்றித்தான் டைவ் செய்ய முடியும். படகு என்றால் ராத்திரி ஓரிடம், விடிந்தால் வேறோர் இடம். பெரிய மீன்கள் நாம் தங்கும் இடத்துக்கு வந்து நிற்காதே.

புக் செய்வதற்கு முன்னால் ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃபை எனக்குத் தெரிந்த தூத்தூர் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். வாழ்க்கையில் பாதியை ஆழ்கடலில் சுறாத் தூண்டிலோடு கழித்தவர். கேபின் படங்களைப் பார்த்துச் சிரித்தார். "துண்டை அன்னம் மாதிரி மடிச்சு வச்சிருக்கான், மத்தது எங்க?" என்றார். அப்புறம் ரூட் மேப்பைப் பார்த்துவிட்டு, "மக்கா, நீவாடு எந்தப் பக்கமா ஓடுதுன்னு கேளு. தீனி அந்தப் பக்கந்தான் ஒதுங்கும். கொம்பன் திருக்கைக்கு வேற என்ன வேல?" என்று கேட்டார்.

நீவாடு என்றால் நீரோட்டம், கொம்பன் திருக்கை என்றால் மாண்டா. மாலத்தீவு டைவிங் மொத்தமும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம், நீரோட்டம் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அட்டோல் என்பது வளையமாகக் கிடக்கும் பவளத்தீவுக் கூட்டம், அந்த வளையத்தில் இருக்கும் இடைவெளிகளைத்தான் கால்வாய் என்கிறார்கள். கிழக்குப் பக்கக் கால்வாய்களில் வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும், சாம்பல் சுறாக்கள் அந்த வாயில்தான் நிற்கும். அட்டோலுக்குள் சேரும் பிளாங்க்டன், அதாவது மாண்டா தின்னும் மிதக்கும் நுண்ணுயிர்கள், மேற்கு வழியாக வெளியேறும், மாண்டா மேற்கில் கூடும். மே மாதத்துக்கு மேல் கச்சான், அதாவது மேற்குக் காற்று, எழுந்துவிட்டால் எல்லாம் தலைகீழ், மாண்டா கிழக்கே வந்துவிடும். ஆகவே எந்த மாதத்தில் எந்த ரூட் என்பதுதான் முதல் கேள்வி. ஏசி, ஜக்கூஸி எல்லாம் அப்புறம். பிப்ரவரியில் கிழக்குப் பக்கம் மாண்டா காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

நாங்கள் எடுத்தது வடகிழக்குப் பருவத்தில் ஏழு இரவு, வழக்கமான நடு அட்டோல் ரூட்: வட மாலே, ரஸ்தூ, ஆரி, வாவு. இந்த ரூட்டில் தினமும் ஏதாவது ஒன்று இருக்கும், ஆனால் மற்ற படகுகளும் கூடவே இருக்கும்.

ரங்காலி மடிவாரு என்று ஆரியின் தென்மேற்கில் ஓர் இடம். மாண்டாக்கள் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள வரும் பாறை. இறங்கியதும் ஓட்டம் இழுத்தது. கைடு எங்களைப் பாறைக்குக் கீழ்ப்பக்கம், உயிருள்ள பவளம் இல்லாத இடமாகப் பார்த்து வரிசையாகப் படுக்க வைத்தார், செத்த பாறையை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அனுமதி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மங்கலுக்குள்ளிருந்து ஒரு நிழல் வந்தது, ஓட்டத்தை எதிர்த்து இறக்கையை அசைத்த மாதிரியே தெரியவில்லை, அப்படியே பாறைக்கு மேல் வந்து நின்றது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று மீட்டருக்குக் குறையாது. செவுள் பிளவுகளை விரித்துக்கொடுத்தது, விரல் நீளச் சின்ன மீன்கள் உள்ளே போய் வந்தன. ஒன்று கண் ஓரத்தையே கொத்திக்கொண்டிருந்தது, அந்தக் கண் எங்களைப் பார்த்தபடி உருண்டது. வயிற்றில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு, ஆராய்ச்சி செய்பவர்கள் அதை வைத்துத்தான் ஆள் அடையாளம் பிடிக்கிறார்கள். எங்கள் தலைக்கு மேல் திரும்பிய ஒன்றுக்கு இறக்கை ஓரத்தில் அரைவட்டமாக ஒரு கடி, ஆறிப்போன பழைய காயம்.

இதையெல்லாம் இவ்வளவு நேரம் பார்க்க முடிந்ததற்குக் காரணம் கைடு போட்ட சட்டம்தான்: மெதுவாக மூச்சு விடு, குமிழி அதன் வழியில் போகக்கூடாது, எழுந்திருக்காதே. வேறொரு படகிலிருந்து வந்த ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு மேலேயே நீந்திப்போனார். இருந்த எல்லா மாண்டாவும் ஒரே அசைவில் காணாமல் போய்விட்டன. எங்கள் கைடு டேங்கை டங் டங்கென்று தட்டியதில் இருந்த கோபம் தண்ணீருக்குள்ளும் நன்றாகவே கேட்டது. நாங்கள் அசையாமல் கிடந்தோம், அந்த ஆள் போன பிறகு இரண்டு திரும்பி வந்தன.

ஃபெஸ்தூ லகூனில் ராத்திரி டைவ் இன்னொரு மாதிரி. மணலில் உட்கார்ந்து விளக்கை மேலே காட்டினால் அந்த வெளிச்சத்துக்குப் பிளாங்க்டன் கூடும், அதைத் தின்ன மாண்டா வந்து வாயைத் திறந்தபடி கரணம் அடிக்கும். பிரமாதமாக இருக்கும், ஆனால் கூட்டம் அதிகம், யாருடைய ஃபின் யார் முகத்தில் என்று தெரியாது. வாவுவில் அலிமதா ராத்திரி டைவுக்கு எல்லாப் படகும் விளம்பரம் செய்கிறது. தரையில் உரசிக்கொண்டு போகும் நர்ஸ் சுறாக்கள், நிறைய. மீன் துண்டுக்குப் பழகிப்போன கூட்டம் அது, எனக்கு ஒட்டவில்லை. கூட வந்த மச்சானுக்கு அதுதான் பயணத்திலேயே உச்சம், சரி, அவரவர் ரசனை.

திமிங்கலச் சுறாவுக்கு வருகிறேன். ஏஜென்டின் பிடிஎஃபில் 'உறுதி' என்று போட்டிருந்தது. உறுதி என்று ஒன்றும் கிடையாது. தென் ஆரியின் வெளிப்பாறையில் வருஷம் முழுக்க இருக்கின்றன என்பது உண்மை, 2009இலேயே அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவித்துவிட்டார்கள். இங்கே வருபவை பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாத ஆண்கள். தேடுவது எப்படியென்றால், தோணியின் கூரையில் இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டு பாறை ஓரமாக மணிக்கணக்கில் கரிய நிழலைப் பார்த்தபடி போவார்கள். கண்டதும் டேங்க் கிடையாது, மாஸ்க், ஸ்நார்க்கல், ஃபின் மட்டும் மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியதுதான். உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தொடக்கூடாது, ஃப்ளாஷ் கூடாது. எழுத்தில் சரி. நேரில் ஒரு சுறா தலை காட்டினால் அக்கம்பக்கத்து ரிசார்ட் ஸ்பீட்போட்டெல்லாம் சூழ்ந்துகொள்ளும், மேலே பார்த்தால் கால்கள் மட்டும்தான்.

எங்கள் கைடு முதல் சுறாவுக்கு எங்களைக் குதிக்கவே விடவில்லை. கொச்சிக்காரர்கள் இருவருக்குக் கடுங்கோபம், மலையாளத்தில் நன்றாகவே கேட்டுவிட்டார்கள். அவர் அசையவில்லை, கூட்டம் அந்தப் பக்கம் போகட்டும் என்று தோணியை எதிர்த்திசையில் திருப்பச் சொன்னார். மதியத்துக்கு முன் வேறொன்று தனியாகக் கிடைத்தது, ஐந்து ஆறு மீட்டர் இருக்கும், அவசரமே இல்லாமல் பாறை ஓரமாக நீந்திக்கொண்டிருந்தது, சுற்றி நாங்கள் மட்டும். நான் கொடுத்த பத்துக்குப் பத்தில் பாதி அந்தக் காலைக்குத்தான்.

ரஸ்தூவில் விடிவதற்கு முன் சுத்தியல் சுறாவுக்காக ஆழ நீலத்தில் இறங்கினோம், வரவில்லை. அது அப்படித்தான்.

சரி, படகுக்கு ஏன் மூன்று மார்க் குறைத்தேன்? எங்கள் கேபினுக்கு அடுத்துதான் ஜெனரேட்டர், தூக்கம் போச்சு. நைட்ராக்ஸ், அதாவது ஆக்ஸிஜன் கூட்டிய காற்று, அதை அளக்கும் அனலைசர் ஒன்றே ஒன்று, காலை ஐந்தரைக்கு ரேஷன் கடை வரிசை. சாப்பாடு நன்றாக இருந்தது. காலையில் மாஸ் ஹுனி, அதாவது சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்தது, கூடவே ரொஷி என்ற சப்பாத்தி. மாசிக்கருவாடு தின்று வளர்ந்த நாக்குக்கு அது வீட்டுச் சாப்பாடு. மீன் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பருப்பும் பாஸ்தாவும்தான். மாலத்தீவுக்குள் மது கொண்டுபோகக்கூடாது, படகில் பார் உண்டு, விலையைக் கேட்டால் தாகம் அடங்கிவிடும்.

இனி ஏஜென்ட். இப்படிப்பட்ட ஏழு இரவுக்குப் பொதுவாக 1,500இலிருந்து 2,500 டாலர் வரை கேட்பார்கள். எங்களுக்குச் சொன்ன தொகையில் 'எல்லாம் சேர்த்து' என்று இருந்தது. கிளம்பும் நேரத்தில் வந்த தாளில் பசுமை வரி தனி, டீசல் தனி, நைட்ராக்ஸ் தனி, வாடகை உபகரணம் தனி, ஊழியர்களுக்கு டிப்ஸ் தனி. பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து படகுகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், அது அரசாங்கம் வாங்குவது, குறையே இல்லை. முதலிலேயே சொல்லாததுதான் குறை. அதைவிடப் பெரிய தப்பு, யாரிடமும் லாக்புக்கை, அதாவது செய்த டைவ்களைக் குறித்துவைக்கும் புத்தகத்தை, கேட்கவில்லை. எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, ஓப்பன் வாட்டர் மட்டும் முடித்தவர்கள், 18 மீட்டர்தான் அவர்களுக்கு எல்லை. இங்கே கால்வாய் டைவ் எல்லாம் 25, 30 மீட்டர், ஓட்டம் வேறு. பாவம், முழுக்காசு கொடுத்துவிட்டு நல்ல டைவ் நடக்கும்போதெல்லாம் டெக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஓப்பன் வாட்டருக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழும், ஓட்டத்தில் இறங்கிப் பழகிய முப்பது நாற்பது டைவாவதும் இல்லாமல் இந்த ரூட்டுக்குப் போகாதீர்கள், ஏஜென்ட் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

படகுக்கே நேராக மெயில் போட்டால் பதில் வருகிறது என்பதைப் படகில் இருந்த மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அப்படிப் போடும்போது கைடு எத்தனை சீசனாக அங்கே இருக்கிறார், ஒரு கைடுக்கு எத்தனை டைவர், படகில் ஆக்ஸிஜன் கிட் இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டப்படி அங்கே 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, டீகம்ப்ரெஷன் டைவும், அதாவது மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வர வேண்டிய டைவும், கூடாது. 40 மீட்டருக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஒரு படகு பெருமையாகச் சொன்னால் அதில் ஏறாதீர்கள். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸில் டைவிங் பெரும்பாலும் வராது, டான் (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) மாதிரி டைவர்களுக்கென்றே இருப்பதை எடுங்கள். ஆளுக்கொரு எஸ்எம்பி, அதாவது காற்றடைத்து மேலே அனுப்பும் அடையாள மிதவை, கட்டாயம், ஓட்டத்தில் பிரிந்துபோனால் தோணிக்குத் தெரிவது அந்த ஆரஞ்சுக் குழாய் மட்டும்தான். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது வேண்டும், 24 என்றால் நிம்மதி. மாலேயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடும்போது இதைக் கணக்கில் வையுங்கள். குமட்டலுக்கு அவோமின் போடுபவர்கள் ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள், அது தூக்கம் வரவைக்கும், தூங்கிவழிந்துகொண்டு டைவ் செய்ய முடியாது.

வேறு இடங்கள்? தாய்லாந்தின் சிமிலான் அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும், பவளம் அழகு, பெரிய மீன் அதிர்ஷ்டம். கலாபகோஸின் டார்வின், வுல்ஃப் தீவுகளில் ஜூனிலிருந்து நவம்பர் வரை நிஜமான ராட்சதத் திமிங்கலச் சுறாக்கள் வரும், ஆனால் தண்ணீர் குளிர், செலவு நம் ஊர்க் கல்யாணச் செலவு. புலிச்சுறா வேண்டுமென்றால் மாலத்தீவிலேயே ஃபுவாமுலா இருக்கிறது, அதற்குப் படகு வேண்டாம், தீவில் தங்கினால் துறைமுக வாசலிலேயே பார்க்கலாம், மீன் கழிவைத் தேடி அங்கே வந்து பழகியவை.

ஜூனிலிருந்து நவம்பருக்குள்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள் பா அட்டோலின் ஹனிஃபாரு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், மாண்டாக்கள் கூட்டமாகத் தீனி எடுக்கும் குடா. 2012இலிருந்து அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்க்கல் மட்டும்தான். அதற்காக மட்டும் டைவிங் படகுக்குக் காசு கட்டுவது வீண். பக்கத்திலேயே தரவந்தூவில் கெஸ்ட்ஹவுஸ் எடுங்கள், அந்தத் தீவில் விமான நிலையமும் இருக்கிறது, மாண்டா வந்திருக்கிறது என்று சேதி வந்தால் சின்னப் படகில் சீக்கிரமே போய்விடலாம்.